கோபுரம் பார்க்கப் போகுமுன்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கோலாலம்பூரைச் சுற்றிப் பார்க்க வருவது நம்மிடையே நெடுநாள் வழக்கம். பத்துமலைக்குப் போவோம், மிருகக்காட்சி சாலைக்குப் போவோம், பிள்ளைகள் ஆசைப்பட்டால், 452 மீட்டர் உயரமுள்ள பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வருவோம். அந்த இரட்டைக் கோபுரம் எழுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, இதே நகரில் ஒரு மேட்டின்மேல் இன்னோர் இரட்டைக் கோபுரம் எழுந்து நின்றது. அதுதான் புக்கிட் நானாஸில் உள்ள புனித யோவான் பேராலயம். அதைப் பார்க்கப் போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாற்றையும், போகும்போது எப்படித் திட்டமிட வேண்டும் என்பதையும் இன்று பேசலாம்.

நான் கிறிஸ்தவன் அல்லவே, எனக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்க்க எல்லாச் சமயத்தவரும் வருகிறார்கள். நாகூர் மினாராக்களையும் எல்லாரும் நின்று பார்க்கிறார்கள். பழைய கட்டடம் என்பது சமயத்தின் உடைமையாக இருப்பதோடு வரலாற்றின் ஏடாகவும் இருக்கிறது. அந்த ஏட்டில் நம் மக்களைப் பற்றிய பக்கங்களும் உண்டு.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பெரிய மாதா கோயிலாக இருந்தால் அது பேராலயம் என்று பலர் எண்ணுகிறார்கள். உயர்ந்த கோபுரம் இருந்தால் பேராலயம் என்று எண்ணுகிறவர்களும் உண்டு. இரண்டும் சரியல்ல. ஆங்கிலத்தில் கதீட்ரல் என்கிறார்களே, அது ‘கதேத்ரா’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதற்கு நாற்காலி என்று பொருள். மேற்றிராணியார், அதாவது ஆயர், அமர்ந்து தம் மறைமாவட்டத்தை வழிநடத்தும் ஆசனம் எந்த ஆலயத்தில் இருக்கிறதோ, அதுவே பேராலயம். அரசருக்குச் சிம்மாசனம் இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆக, பேராலயத்துக்கு அடையாளம் உயரம் அல்ல, அந்த ஆசனமே.

இதற்குக் கோலாலம்பூரிலேயே நல்ல சான்று உண்டு. மெர்டேக்கா சதுக்கத்தின் ஓரத்தில் ஆங்கிலிக்கன் சபையாரின் புனித மேரி ஆலயம் இருக்கிறது. ஏ. சி. நார்மன் என்ற கட்டடக் கலைஞர் வரைந்த திட்டப்படி 1895-இல் அது அர்ச்சிக்கப்பட்டது. தாழ்ந்த கூரையும் அமைதியான தோற்றமும் கொண்டது. வானளாவும் கோபுரம் அதற்கு இல்லை. ஆனால் அது பேராலயம். மறுபுறம், கிள்ளானில் தெங்கு கிளானா சாலையில் இருக்கும் லூர்து மாதா ஆலயத்தைப் பாருங்கள். கூர்நுனிக் கோபுரத்தோடு கம்பீரமாக நிற்கிறது. ஆயினும் அது பங்கு ஆலயமே, பேராலயம் அல்ல. பிரிக்பீல்ட்ஸில் உள்ள சீயோன் ஆலயமோ தமிழ் லுத்தரன் மக்களின் ஆலயமாக வளர்ந்து, இன்று மலேசிய லுத்தரன் சபையின் பேராலயமாக விளங்குகிறது. இப்படி மூன்று சபைகளுக்கு மூன்று பேராலயங்கள் இந்த ஒரே நகரில் இருக்கின்றன.

இனி புக்கிட் நானாஸ் மேட்டுக்கு வருவோம். 1857-இல் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்திற்கு ஈயம் தேடி வந்தவர்களால் உருவான ஊர் கோலாலம்பூர். 1880-இல் சிலாங்கூரின் நிர்வாகத் தலைநகரம் கிள்ளானிலிருந்து இங்கே மாறியது. மறு ஆண்டே, அதாவது 1881-இல், ஊரைத் தீ அழித்தது. அதே ஆண்டில் வெள்ளமும் வந்தது. அத்தாப்புக் கூரையும் மரச்சுவரும் கொண்ட வீடுகள் எத்தனை நாள் தாங்கும்? அதன்பின் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், வீடுகளைச் செங்கல்லால் கட்டவும் ஓட்டால் வேயவும் வேண்டும் என்று வற்புறுத்தினார். அந்தச் செங்கல்லைச் சுட்ட சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ் என்று பெயர் பெற்றது. ‘பிரிக்’ என்றால் செங்கல், ‘பீல்ட்’ என்றால் வெளி. செங்கல் வெளி என்று தமிழில் சொன்னாலும் பொருத்தமே.

இவ்வாறு ஊர் மீண்டும் எழுந்துகொண்டிருந்த காலத்தில், 1883-ஆம் ஆண்டில், சார்ல்ஸ் லெத்தேசியே என்ற பிரெஞ்சுக் குருவானவர் புக்கிட் நானாஸில் புனித யோவான் ஆலயத்தைத் தொடங்கினார். அவர் பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்தவர். அந்தச் சபையின் குருக்கள் புதுச்சேரியிலும் பினாங்கிலும் அதற்கு முன்பே பணியாற்றி வந்ததால், தமிழ் மக்கள் அவர்களுக்குப் புதியவர்கள் அல்லர். ஈயச் சுரங்கத்துக்கு வந்த சீனர், சாலை போடவும் இரயில் பாதை அமைக்கவும் காப்பித் தோட்டங்களில் உழைக்கவும் வந்த தமிழர், அரசாங்க வேலைக்கு வந்த யுரேசியர் என்று பல மொழி பேசியவர்கள் அந்தச் சிறிய ஆலயத்தில் ஒன்றாகக் கூடினார்கள்.

மக்கள் பெருகப் பெருக, ஒரே ஆலயம் எல்லா மொழியாருக்கும் போதாமற் போயிற்று. தாய்மரத்திலிருந்து கன்று பிரித்து நடுவதுபோல் புதிய ஆலயங்கள் பிரிந்தன. சீனக் கத்தோலிக்கருக்காகப் பிரிக்பீல்ட்ஸில் செபமாலை மாதா ஆலயம் 1903, 1904-ஆம் ஆண்டுகளில் எழுந்தது. தமிழ்க் கத்தோலிக்கருக்காகப் பூடு பக்கத்தில் ராபர்ட்சன் சாலையில் 1910-இல் புனித அந்தோணியார் ஆலயம் எழுந்தது. இன்றும் ஜூன் 13-ஆம் நாள் அந்தோணியார் திருநாள் வந்தால் தமிழ் மக்கள் அங்கே திரள்கிறார்கள். புக்கிட் நானாஸ் மேட்டிலோ ஆலயத்தை அடுத்துக் கல்வி வளர்ந்தது. 1899-இல் கன்னியர் மடத்துப் பெண்கள் பள்ளியும், 1904-இல் லசாலச் சகோதரர்களின் புனித யோவான் கல்விக்கூடமும் தோன்றின. ஆலயத்தைப் பார்க்கப் போகிறவர்கள் சிவப்புச் செங்கல் நிறத்தில் நிற்கும் அந்தக் கல்விக்கூடத்தையும் பார்க்காமல் வரக்கூடாது.

1883-இல் தொடங்கிய ஆலயம் அப்போதே பேராலயமாகிவிடவில்லை. அதற்கு 72 ஆண்டுகள் பிடித்தன. 1955-இல் கோலாலம்பூர் தனி மறைமாவட்டமாயிற்று; ஆயரின் ஆசனம் புனித யோவான் ஆலயத்துக்கு வந்தது. மலாயா சுதந்திரம் பெறுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக, பிரெஞ்சுக்காரர் அல்லாத ஒருவரே இங்கு முதல் ஆயராக அமர்ந்தார். அவர்தான் டொமினிக் வெந்தர்கோன். 1972-இல் மறைமாவட்டம் பேராய மறைமாவட்டமாக உயர்ந்தபோது முதல் பேராயரும் அவரே. அவருக்குப் பின் 1983-இல் பேராயரான அந்தோணி சோட்டர் பெர்னாண்டஸ் கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணியில் பிறந்தவர். 2016-இல் அவர் கர்தினால் ஆனார். மலேசியாவிலிருந்து அந்தப் பதவியைப் பெற்ற முதல் மனிதர் அவரே.

இப்போது கோபுரங்களைப் பார்ப்போம். நம் கோயிலில் இராஜகோபுரம் வாசலின்மேல் ஒன்றாக எழும். கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலின் ஐந்து நிலைக் கோபுரத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அடி அகன்று, நிலை நிலையாகக் குறுகி, உச்சியில் கலசங்கள் நிற்கும். உள்ளே போகிறவனை அது வாசலிலேயே வரவேற்கிறது. புனித யோவான் பேராலயத்திலோ வெண்ணிற முகப்பின் இரு பக்கமும் இரண்டு கோபுரங்கள் காவலர்போல் நிற்கின்றன; நடுவில் வாசல். முகப்பில் இரட்டைக் கோபுரம் எழுப்பும் இந்த முறை ஐரோப்பாவில், சிறப்பாகப் பிரான்சு நாட்டில், பல நூற்றாண்டுகளாக வழங்கி வருவது. பாரிஸ் நகரத்து நோத்ருதாம் பேராலயம் அதற்குப் பேர்பெற்ற எடுத்துக்காட்டு. 1163-இல் தொடங்கிய அந்தப் பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் ஒவ்வொன்றும் 69 மீட்டர் உயரம்.

கோபுரம் எதற்கு? அழகுக்கு மட்டும் அல்ல. முதற் காரணம் மணி. தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டுக்கு ஆள் கூட்ட, தொங்கவிட்ட இரும்புத் துண்டைத் தட்டுவார்களே, அது ஏன் மேட்டில் அல்லது திறந்த இடத்தில் தொங்கும்? ஓசை லயத்தின் கடைசி வீடுவரை போகவேண்டும் என்பதற்காகத்தான். மணியும் அப்படியே. தரையில் வைத்து அடித்தால் பக்கத்து வீட்டுச் சுவரில் முட்டி ஓசை நின்றுவிடும். கூரைகளுக்கு மேலே தூக்கி வைத்தால் ஊரெல்லாம் கேட்கும். கடிகாரம் வீட்டுக்கு வீடு இல்லாத காலத்தில், காலை, நடுப்பகல், மாலை என்று பொழுதைச் சொன்னது அந்த மணிதான். சாவு மணியும் அதே கோபுரத்திலிருந்துதான் கேட்கும். மணி இருக்கும் நிலையில் சன்னலுக்குக் கண்ணாடி போடாமல் சாய்வான பலகைகளை அடுக்கியிருப்பார்கள்; ஓசை வெளியே போகும், மழைச் சாரல் உள்ளே வராது. பழைய மணிக்கோபுரங்களைப் பார்க்கும்போது இந்தப் பலகைகளைத் தேடிப் பாருங்கள். இரண்டாவது காரணம் வழி. வெகுதூரத்திலிருந்து வருகிறவனுக்குக் கோபுரமே அடையாளம்.

சரி, பயணத்தை எப்படித் திட்டமிடுவது? கிள்ளான், பந்திங், கோலசிலாங்கூர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் கிள்ளான் இரயில் நிலையத்துக்கு வந்து கொமியூட்டர் இரயிலில் ஏறுவது எளிது. இந்தப் பாதைக்கும் ஒரு வரலாறு உண்டு. சிலாங்கூரின் முதல் இரயில் பாதை 1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றங்கரையில் உள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே திறக்கப்பட்டது. பிறகு கிள்ளான் வரை நீண்டது. நம் முன்னோர் கப்பலில் வந்து இறங்கி, தோட்டங்களுக்குப் பிரிந்து போனதும் இந்தப் பாதையின் வழியாகத்தான். பிள்ளைகளுக்கு இதை இரயிலிலேயே சொல்லிக்கொண்டு வரலாம்.

கே.எல். சென்ட்ரலில் இறங்கி, எல்.ஆர்.டி. வண்டியில் ஏறினால் மூன்றாவது நிலையம் டாங் வாங்கி. அங்கிருந்து பேராலயம் நடந்து போகும் தூரம்தான். மேடு ஏற வேண்டியிருப்பதால் வயதானவர்களை அழைத்து வருகிறவர்கள் வெயில் ஏறுமுன் போய்விடுவது நல்லது. பேராலயத்தைப் பார்த்த பிறகு பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பி, வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, துன் சம்பந்தன் சாலையில் உள்ள செபமாலை மாதா ஆலயத்தைப் பார்க்கலாம். வெயில் தாழ்ந்ததும் கிள்ளானுக்குத் திரும்பினால், நிலையத்திலிருந்து சிறிது தூரம் நடந்து லூர்து மாதா ஆலயத்தை அடையலாம். 1928-இல் கட்டப்பட்ட இந்த ஆலயம் பிரான்சு நாட்டு லூர்து நகர்த் திருத்தல ஆலயத்தை முன்மாதிரியாகக் கொண்டது. கூர்மையான வளைவுகளையும் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களையும் மாலை வெளிச்சத்தில் பார்ப்பதே ஓர் இன்பம்.

புறப்படும் முன் பங்கு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, எந்த நேரத்தில் வரலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டமாக அழைத்து வரும் ஆசிரியர்கள் இதை மறக்கவே கூடாது. பேராலயம் காட்சிசாலை அல்ல; நாள்தோறும் வழிபாடு நடக்கும் இடம். பூசை நடக்கும்போது சுற்றிப் பார்ப்பதும் படம் எடுப்பதும் தகாது. அந்நேரம் போய்விட்டால் பின்வரிசையில் அமைதியாக அமர்ந்திருக்கலாம். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். நற்கருணை வழங்கும்போது கத்தோலிக்கர் அல்லாதவர்கள் வரிசையில் நிற்காமல் இடத்திலேயே இருக்கவேண்டும். கோயிலுக்குப் போகும் மரியாதையோடு உடுத்திக்கொண்டால் போதும். கோபுரத்தின்மேல் ஏறலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். மணிக்கோபுரப் படிகள் குறுகலானவை. பார்வையாளருக்கென்று அமைத்தவை அல்ல. ஆகவே கீழே நின்று பார்ப்பதே முறை. சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். இரண்டு கோபுரமும் ஒருங்கே கண்ணுக்குள் அடங்கும்.

இனி நான் சொல்லவிருப்பது, இந்தப் பேச்சிலேயே முக்கியமானது. கோபுரத்தைப் பார்த்து வருகிறவர்கள் கல்லில் பொறித்த பெயர்களைப் படிப்பார்கள். யார் அடிக்கல் நாட்டினார், யார் திறந்துவைத்தார் என்று அதில் இருக்கும். செங்கல்லைச் சூளையிலிருந்து எடுத்தவர், சாந்து குழைத்தவர், சாரத்தில் ஏறியவர், சம்பளத்தில் மீந்த காசை உண்டியலில் போட்டவர் ஆகியோரின் பெயர்கள் பெரும்பாலும் கல்லில் இருப்பதில்லை. அப்படியானால் அவர்களுடைய பெயர்கள் எங்குமே இல்லையா? இருக்கின்றன. ஆலய அலுவலகத்து அலமாரியில் உள்ள திருமுழுக்கு ஏட்டிலும் திருமண ஏட்டிலும் இருக்கின்றன. குழந்தையின் பெயர், தாய் தந்தை பெயர், ஞானத்தாய் தந்தை பெயர், தேதி என்று ஒவ்வொரு வரியிலும் ஒரு குடும்பம் இருக்கிறது. இதேபோல் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளிலும், பழைய கோயில்களின் நன்கொடைக் கணக்குகளிலும் நம் பாட்டன் பாட்டிமார் இருக்கிறார்கள்.

இது ஏன் முக்கியம்? பாரிஸ் பேராலயத்தை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். 2019 ஏப்ரல் 15-ஆம் நாள் அதன் கூரை தீப்பற்றி எரிந்தது; நடுவில் நின்ற ஊசிக்கோபுரம் சரிந்து விழுந்தது; முகப்பின் இரட்டைக் கோபுரங்கள் தப்பின. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பரில், அது மீண்டும் திறக்கப்பட்டது. விழுந்த ஊசிக்கோபுரம் பழைய வடிவிலேயே எழுந்திருக்கிறது. பணமும் கைத்திறனும் அதற்கு வேண்டியிருந்தன. அவற்றோடு இன்னொன்றும் உதவியது: முன்னோர் வரைந்த வரைபடங்களையும், எடுத்த அளவுகளையும் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

நம் நிலையை எண்ணிப் பாருங்கள். சிலாங்கூரில் எத்தனை தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாக, நெடுஞ்சாலைகளாக மாறிவிட்டன! லயங்கள் இடிக்கப்பட்டன. ஆயாக்கொட்டகை போயிற்று; கோயில் இடம் மாறியது; சிறிய செபக்கூடம் இருந்த இடம் தெரியவில்லை. அவற்றுக்கு வரைபடம் எவரும் வைத்திருக்கவில்லை. அங்கே பிறந்து வளர்ந்த முதியவர்களின் நினைவு ஒன்றே மிச்சம். அந்த முதியவர் கண்மூடினால் அந்தத் தோட்டமும் அவரோடு போய்விடும். தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார் என்று கேட்டால், இந்தியா என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிடும் பிள்ளைகள் இன்று பலர். பிறப்பைப் பதியாமல் விட்டதால் அடையாள அட்டை பெறப் பாடுபடும் குடும்பங்கள் நம்மிடையே இருப்பதும் நீங்கள் அறிந்ததே. ஆலய ஏடு பிறப்புப் பத்திரத்துக்கு ஈடாகாது. முடிவு சொல்வது தேசியப் பதிவிலாகாதான். ஆனால் ஒரு மனிதரின் பெயரும் பெற்றோரும் நாளும் எழுத்தில் எங்காவது இருக்கின்றன என்பதே வழி தேடுகிறவனுக்கு ஒரு கைவிளக்கு.

ஆகவே உங்கள் பயணத் திட்டத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் மூத்தவர் ஒருவரைத் தவறாமல் அழைத்துப் போங்கள். இரயிலில் போகும்போதே கேளுங்கள்: எந்தத் தோட்டத்தில் பிறந்தீர்கள், கங்காணி யார், எத்தனையாம் நம்பர் லயம், எந்த ஆலயத்தில் திருமுழுக்கு, அல்லது எந்தக் கோயிலில் காதுகுத்து, எந்தப் பள்ளியில் எழுத்தறிவித்தார்கள்? சொல்வதை அப்படியே பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். கத்தோலிக்கக் குடும்பமானால், திருமுழுக்கு நடந்த பங்கின் அலுவலகத்தில் உங்கள் வீட்டாரின் பதிவைப் பற்றி விசாரிக்கலாம். பெயரும் ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதும் தெரிந்தால் தேடுவது எளிது. பிறர் குடும்பத்து ஏட்டைப் புரட்டுவது முறையல்ல. நம் குடும்பத்தை மட்டும் கேட்போம்.

பிரிக்பீல்ட்ஸில் நீங்கள் நடக்கும் அந்தச் சாலைக்குத் துன் சம்பந்தன் பெயர் வைத்திருக்கிறார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், தொழிலாளரின் சிறு சிறு சந்தாவைச் சேர்த்துத் தோட்டம் வாங்கலாம் என்று 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். சிறு காசு சேர்ந்து பெரிய நிலமானது. அதுபோல், ஒவ்வொரு வீட்டிலும் எழுதும் நாலு பக்கம் சேர்ந்தால் நம் மக்களின் வரலாறு ஆகும்.

புனித யோவான் பேராலயத்தின் கோபுரங்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்லிக்கொள்ளும். அவற்றுக்கு மணி இருக்கிறது. லயத்தில் வாழ்ந்தவர்களின் கதையை நாம்தான் சொல்லவேண்டும். வருகிற விடுமுறையில் பேராலயத்துக்குப் போய் வாருங்கள். போகும்போது பாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.